கல்வானில் கையில் துப்பாக்கி இருந்தும் நம் வீரர்கள் ஏன் சுடவில்லை?

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தபோது, அவர்கள் ஏன் துப்பாக்கியைப் பயன்படுத்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாரத்திலேயே என் தாய்மாமாவிடம் நானும் இதைத்தான் கேட்டேன். வேலூர் மாவட்டத்துக்காரரான அவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். லடாக்கில் இரண்டு முறை பணியில் இருந்தவர்.

ஆயுதம் இல்லாமல் அனுப்பப்பட்டார்கள் என்று அப்போது பரவிய பேச்சு சரியல்ல. அன்று சென்றவர்களிடம் ஆயுதம் இருந்தது என்றும், சீனாவுடன் செய்துகொண்ட 1996, 2005 உடன்பாடுகளின்படி நேருக்கு நேர் நிற்கும் சமயங்களில் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதே நெடுநாள் வழக்கம் என்றும் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மூன்றாம் நாளே விளக்கினார். 1996 உடன்பாட்டின் ஆறாவது பிரிவு, இரு நாட்டுப் படைகளின் பகுதிகளைப் பிரிக்கும் அசல் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இரு தரப்பும் சுடக் கூடாது, வெடி வைக்கக் கூடாது என்கிறது. துப்பாக்கியால் வேட்டையாடுவதற்குக்கூடத் தடை உண்டு.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், அந்தக் கோடு தரையிலும் இல்லை, இரு நாடும் ஏற்ற ஒரே வரைபடத்திலும் இல்லை. அதன் நீளம் 3,488 கிலோமீட்டர் என்கிறது இந்தியா. ஏறக்குறைய 2,000 என்கிறது சீனா. அக்சாய் சின்னில் சுமார் 38,000 சதுர கிலோமீட்டரைச் சீனா ஆக்கிரமித்து வைத்திருக்கிறது என்பது நம் நிலைப்பாடு. இந்தக் குழப்பத்தில் இரு படைகளும் தத்தம் கோடு என்று கருதும் இடம்வரை ரோந்து செல்லும்போது ஒன்றையொன்று முட்டிக்கொள்வது இயல்பாகவே நடக்கும்.

அப்படி முட்டிக்கொண்டால் என்ன செய்வார்கள் என்பதை மாமா கூடத்திலேயே நடத்திக் காட்டினார். தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை அத்தையிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்து விரித்தார். ‘இது எங்கள் பகுதி, திரும்பிச் செல்லுங்கள்’ என்று எழுதிய பதாகையை அப்படித்தான் விரித்துக் காட்டுவார்களாம். சீனர்களும் தங்கள் பதாகையை விரிப்பார்களாம். துப்பாக்கி தோளில் குழல் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். கனமான கையுறைக்குள் விரல் மரத்துப்போயிருக்கையில் அந்தக் காற்றில் துணியைப் பிடித்து நிற்பதுதான் பெரும்பாடு என்று சொல்லிச் சிரித்தார். சிறுபிள்ளை விளையாட்டைப் போலத் தோன்றினாலும், 1975-இல் அருணாசலத்தின் துலுங் லாவில் அசாம் ரைபிள்ஸ் வீரர்கள் நால்வர் கொல்லப்பட்ட பிறகு 45 ஆண்டுகள் அந்த எல்லையில் மோதலில் யாரும் இறக்கவில்லை என்பதை மறந்துவிட முடியாது.

கல்வானில் குலைந்தது அந்த நடைமுறைதான். ஜூன் 6 அன்று படைத்தளபதிகள் பேசிப் பின்வாங்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதன்படி நடக்கிறதா என்று பார்க்க, 14-ஆம் ரோந்து முனை அருகே 16 பிகார் படைப்பிரிவின் கர்னல் சந்தோஷ் பாபு தலைமையில் வீரர்கள் சென்றபோது மோதல் வெடித்தது. கல்லும், ஆணி அடித்த தடியும், இரும்புக் கம்பியும்தான் ஆயுதம். மூவர் இறந்ததாக முதலில் அறிவித்த ராணுவம், படுகாயத்துடன் உறைபனிக் குளிரில் கிடந்த மேலும் 17 பேரும் இறந்ததாக ஜூன் 16 இரவு தெரிவித்தது. இறந்த இருபது பேரில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. பின்னர் அவருக்கு வீர் சக்ரா வழங்கப்பட்டது. சீனா தன் தரப்பில் நால்வர் இறந்ததை எட்டு மாதம் கழித்தே ஒப்புக்கொண்டது.

உயிருக்கே ஆபத்து என்றான பிறகும் சுடக் கூடாதா என்று ஓய்வு பெற்ற அதிகாரிகள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், தற்காப்பை எந்த உடன்பாடும் பறித்துவிடாது. ஆனால் மாமா சொன்னது வேறு: “இருட்டுல கட்டிப் புரளும்போது எவன் நம்மாளு, எவன் அவனாளுன்னு தெரியாதுப்பா. சுட்டா யார் மேல படும்?” உடன்பாட்டை விட இந்த விடையே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. என் மனக்குறை உடன்பாடு எழுதியவர்களிடம்தான். குண்டு கூடாது என்பதில் ஒத்துப்போனவர்கள், கோடு எங்கே ஓடுகிறது என்பதில் ஒத்துப்போகவில்லை. 2002-இல் மேற்குப் பகுதி வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ள எடுத்த முயற்சியும் முறிந்துபோனது.

கல்வான் மோதலுக்குப் பின் தளபதிகளுக்குக் களத்தில் முடிவெடுக்கும் சுதந்திரம் கொடுக்கப்பட்டது. ஆகஸ்ட் இறுதியில் பாங்காங் ஏரிக்குத் தெற்கே கைலாஷ் மலைத்தொடரின் ரெசாங் லா, ரெச்சின் லா உயரங்களை நம் படை பிடித்தது. செப்டம்பரில் எச்சரிக்கைக் குண்டுகளும் முழங்கின. அந்த உயரங்களைப் பேரம்பேச வைத்துக்கொண்டதால்தான் 2021 பிப்ரவரியில் ஏரியின் இரு கரைகளிலும் இரு படைகளும் பின்வாங்கின என்பது என் கணிப்பு. லடாக்கின் தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் ரோந்து செல்வதற்கான உடன்பாடு 2024 அக்டோபரில்தான் கைகூடியது.

கல்வானிலோ, 2020 ஜூலையிலேயே இரு தரப்பும் விலகி, இடையில் ரோந்தில்லாப் பகுதி ஒன்றை விட்டன. இருபது பேர் எந்த முனைக்காக நின்றார்களோ அது அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டது. இதைப் பற்றிக் கேட்டபோது மாமா பதில் சொல்லவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.