கொக்கு

அன்புள்ள ஐயா,

திருகோணமலையில் பிறந்து, இப்போது ரொறன்ரோவில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். கறுப்பினப் பிள்ளைகளை 9ஆம் தரத்திலேயே மட்டமான பாடநெறிக்குத் தள்ளுவதை எதிர்த்தவர்களில் நானும் ஒருத்தி. ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று கிழமை மூதூர் கிழக்கு வேடர் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சமூக நீதிப் பட்டறை நடத்த ஆசை. எந்த ஆங்கிலக் கதைப்புத்தகங்களைக் கொண்டுவரலாம்? என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்களோ? பிள்ளைகளை மட்டம் பார்த்துப் பிரிக்க எனக்கு மனம் வராது.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

சிரிப்பார்கள். இரண்டு நாளில் அலுத்துவிடும். தமிழில் ஒரு வரி வாசிக்காத பிள்ளைக்கு ஆங்கிலக் கதைப்புத்தகம் படம் பார்க்கத்தான்.

'பிரிக்க மனம் வராது' என்றீர்களே, அங்கேதான் உங்களோடு சண்டை. உங்கள் ஒன்ராறியோ மாகாணம் 2021இல் கணிதத்திலும், 2022இல் மற்றப் பாடங்களிலும் அந்தப் பிரிப்பைக் கைவிட்டது. நல்லது. ஒருமுறை கீழே போட்டால் ஏற வழியில்லை என்பதே அதன் அநியாயம். இங்கே யாரும் பிரிப்பதில்லை. ஐந்தாம் தரம்வரை எல்லாரும் ஏறிவிடுவார்கள். கடைசி வாங்குப் பையன் கரும்பலகையைப் பார்த்து முத்துமுத்தாக எழுதுவான், கொப்பியில் சரி விழும். பலகையை அழித்துவிட்டு, அவன் எழுதியதையே வாசிக்கச் சொல்லுங்கள். முழிப்பான். அவ்வளவும் படம் கீறியது! ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை ஓட்டத்தில் அவனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்கட்டும் என்கிறார்கள். மூதூர் கிழக்கு 2006இல் போரால் இடம்பெயர்ந்தது. முகாமில் படிப்பு முறிந்த பிள்ளைகள்தான் இன்று தாய்தகப்பன்.

முதல் நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எழுத்து, சொல், ஒரு வரி, நாலு வரி என்று வாசிக்கவையுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். எத்தனையாம் தரம் என்று பாராமல், நின்ற இடத்தைப் பார்த்துக் குழுவாக்குங்கள். 12 பேருக்கு மேல் வேண்டாம். ஐந்து நாளுக்கொருக்கால் மறுபடி சோதித்து மேலே ஏற்றுங்கள்.

247 எழுத்தையும் ஒப்புவிக்கவைக்க வேண்டாம். ட, ப, ம, ஒரு புள்ளி. அன்றைக்கே படம், மடம், பட்டம் வாசித்துவிடுவான். பிறகு அரவு (ா), இகரம். உகரம் இடறும்: கு, சு, து மூன்றும் மூன்று வடிவம். விதி சொல்லாமல் சொல்லோடு பழக்குங்கள்.

பெரிய குழி கொம்பு (ெ). கண் முதலில் காண்பதை வாய் பிறகு சொல்ல வேண்டும். 'கொக்கு' என்று எழுதினால் கொம்பு, க, அரவு என்று கிடக்கும். பிள்ளை 'கெ, கா' என்று விழும். மக்குப் பட்டம் கிடைப்பது இந்த இடத்தில். கொம்பையும் அரவையும் மட்டையில் வெட்டி, நடுவில் க-வை வைத்து, இரண்டு பக்கமும் ஒன்றாக நெருக்கிக்கொண்டே ஒரே ஒலியாகச் சொல்லுங்கள். கெ, கே நன்றாகப் படிந்த பிறகே கொ, கோ. கௌதாரி காத்திருக்கட்டும்.

15 நாள் என்று கணக்குப் போடாதீர்கள். வெயிலுக்குக் காலை 8 முதல் 10 வரைதான் தலை ஓடும். வெருகல் கோயில் திருவிழா வந்தால் வகுப்பு காலி. தகப்பன் தேனுக்குக் காடேறினால் மூத்தது சின்னதுகளைப் பார்க்க வீட்டில் நிற்கும். 10 நாள் கிடைத்தால் லாபம். அதற்குள் கொம்பைத் தாண்ட மாட்டீர்கள். அதனால் சாதாரண தரம் படித்த ஊர்ப்பிள்ளை ஒருத்தியை முதல் நாளே பக்கத்தில் இருத்துங்கள். நீங்கள் போன பிறகும் அவள் நடத்தட்டும். சம்பளம் கொடுங்கள், தொண்டு என்று சொல்லி ஏய்க்க வேண்டாம்.

பட்டறைப் பதாகையும் வேண்டாம், அந்தக் காசுக்கு மட்டை வாங்குங்கள். மெல்லிசு மட்டை வியர்வைக் கையில் பிய்ந்துவிடும். பிஸ்கட் பெட்டி மட்டைதான் தாங்கும், கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள்.