மாடல் சொல்லும் மழையை நம்பிக் குட்டை வெட்டலாமா?

ஒடுகத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில் மல்லாட்டையும் மாவும் வைத்திருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் உழவர் குழுவுக்கு ஓர் அறிக்கை வந்தது. 2050 வாக்கில் வேலூர் வட்டாரத்தில் ஆண்டு மழை சற்றுக் கூடும் என்று வட்டாரக் காலநிலை மாடல் சொல்கிறதாம். கடந்தகால மழையோடு மாடல் நன்றாக ஒத்துப்போவதாகப் படமும் போட்டிருக்கிறார்கள். இதை நம்பிப் பண்ணைக்குட்டையைப் பெரிதாக வெட்டலாமா?”

அந்தப் படத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். மாடல் என்பது காற்று, வெப்பம், ஈரம், மழையைக் கணினியில் கணக்கிடும் நிரல். ஆண்டு மொத்தம் ஒத்துப்போவது அதற்கு வைக்கும் பரீட்சைகளிலேயே எளியது. உங்கள் ஊர் மழைக்கு அது போதவே போதாது.

கடலோர மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரும்பங்கு. வேலூர்ப் பக்கம் அப்படியில்லை, தென்மேற்குப் பருவமும் அதற்குக் குறையாமல் தருகிறது. அந்த மழை வரும் விதம் உங்களுக்கே தெரியும். பகலெல்லாம் புழுங்கும், சாயங்காலம் மலைப்பக்கம் மேகம் திரளும், ராத்திரி இடியோடு கொட்டும். பக்கத்து ஊரில் மண் நனைந்தே இருக்காது. வடகிழக்குப் பருவமழை வேறு ரகம். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் நாள் முழுக்க, மாவட்டம் முழுக்கப் பெய்யும். ஒரு மாடல் இதில் ஒன்றைச் சரியாகப் பிடித்து மற்றதில் கோட்டைவிடலாம். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: உண்மையில் இரண்டு பருவத்திலும் தலா 400 மி.மீ. பெய்கிறது, மாடல் முதலாவதில் 200, அடுத்ததில் 600 காட்டுகிறது. கூட்டினால் இரண்டும் 800. படத்தில் அழகாக ஒத்துப்போகும். ஆனால் ஆடிப்பட்டத்தில் விதைத்தவருக்கு அந்த மாடலால் ஒரு பயனும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. பல நாட்டு ஆய்வாளர்கள் வட்டார மாடல்களை ஓட்டும் கார்டெக்ஸ் என்ற கூட்டுத் திட்டத்தில், தெற்காசியாவுக்கான ஒரு கட்டம் சுமார் 50 கிலோமீட்டர். பிறகு வந்த கணக்குகளில் 25. ஐம்பது கிலோமீட்டர் கட்டம் என்றால் 2,500 சதுர கிலோமீட்டர். வேலூர்க் கோட்டை, பாலாறு, அமிர்தி காடு எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். அதற்குள் ஜவ்வாது மலையின் உயரம் சராசரியாகி, மலை வெறும் மேடாகிவிடும். இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். மேகத்தை மாடலால் நேரடியாகப் பார்க்க முடியாது. இந்த வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இவ்வளவு மழை வரலாம் என்று ஒரு சூத்திரத்தால் ஊகிக்கிறது. வெப்பமண்டலத்தில் அந்த ஊகம் அடிக்கடி ஒரே மாதிரி தவறுகிறது: ராத்திரி பெய்ய வேண்டியதை நண்பகலிலேயே பெய்ய வைக்கிறது, இரண்டு நாளில் கொட்ட வேண்டியதைப் பல நாள் தூறலாகப் பரப்பிவிடுகிறது.

இந்தத் தூறல் கோளாறுதான் உங்கள் குட்டைக்கு முக்கியம். மாதத்துக்கு 120 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 நாள் ஐந்தைந்து மி.மீ. பெய்தால் மண் குடிக்கும், வெயில் குடிக்கும், குட்டைக்குச் சொட்டுக்கூட வராது. அதே 120 இரண்டு நாளில் அறுபது அறுபதாக வந்தால், ஒரு நாளில் மட்டும் ஓர் ஏக்கர் மேல் விழுவது சுமார் 2.4 லட்சம் லிட்டர். அதில் ஒரு பங்கு வழிந்தோடிக் குட்டைக்கு வரும். மொத்தம் ஒன்றுதான், நிலவரம் வேறு.

ஒப்பிடும் முறையிலும் சறுக்கல் உண்டு. தாலுகா மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் படிக்கிறார்கள். 18-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்குப் பெய்தது 19-ஆம் தேதிக் கணக்கில் ஏறும். மாடலின் ஒரு நாளோ பெரும்பாலும் நம் நேரப்படி காலை 5.30-க்குத் தொடங்குவது, அதே மழை அங்கே 18-இல் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் நாளுக்கு நாள் ஒப்பிட்டால் மாடல்மேல் அநியாயமாகப் பழி விழும். ஒற்றை மழைமானியைக் கட்டத்தின் சராசரியோடு ஒப்பிடுவதும் தப்பு. சராசரியில் கனமழை எப்போதும் மழுங்கியே தெரியும். இந்திய வானிலைத் துறை 1901 முதல் கால் டிகிரிக் கட்டங்களில், அதாவது சுமார் 25 கிலோமீட்டருக்கு ஒன்றாக, தினசரி மழைத் தரவு வைத்திருக்கிறது. 25 கிலோமீட்டர் மாடலுக்கு அதுதான் பொருத்தமான ஜோடி.

2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் மாடலில் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். வட்டார மாடல் தன் எல்லைக்கு வெளியிலிருந்து வரும் காற்றையும் ஈரத்தையும் வேறெங்கிருந்தாவது வாங்கியாக வேண்டும். உலகம் முழுவதையும் கணக்கிடும் உலக மாடலிடம் அதை வாங்கி ஓடும் வட்டார மாடலில் 2021 என்பது வெறும் பெயர், அந்த வருடத்து வானிலை அதில் இருக்காது. முப்பது வருடத்தில் அப்படிப்பட்ட நாள்கள் எத்தனை என்றுதான் பார்க்க வேண்டும். பழைய வானிலைப் பதிவுகளைத் தொகுத்து எல்லையில் கொடுத்து ஓட்டிய மாடலிடம் மட்டுமே வருடத்துக்கு வருடம் கணக்குக் கேட்கலாம். இந்த இரண்டு ஓட்டங்களையும் தனித்தனியாகச் சோதிப்பது அவசியம் என்பேன். உலக மாடலைப் பிடித்து ஓடியதில் மட்டும் பிழை என்றால் அது உலக மாடலிலிருந்து வந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அப்புறம், பிழைதிருத்தம். மாடல் மழையை உண்மை மழையின் அளவுக்கு இழுத்துப் பொருத்திவிட்டு, அதே வருடங்களை வைத்தே “ஒத்துப்போகிறது” என்று காட்டினால் அது சோதனையே அல்ல. 1981 முதல் 2000 வரை வைத்துத் திருத்தினால், 2001-க்குப் பிந்தைய வருடங்களில்தான் சோதிக்க வேண்டும். அறிக்கை தந்தவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

சரி, குட்டைக்கு என்ன வழி? அளவை உங்கள் பகுதி மழைமானியின் பழைய பதிவிலிருந்து முடிவு செய்யுங்கள்: 64.5 மி.மீ.க்கு மேல் (வானிலைத் துறை கனமழை என்று சொல்லும் அளவு) பெய்த நாள்கள் வருடத்துக்கு எத்தனை, எந்த மாதம், இடையில் வறட்சி எத்தனை நாள். மாடல்களிடம் திசையை மட்டும் கேளுங்கள், அதுவும் ஒன்றிடம் அல்ல, பலவற்றிடம். ஆண்டு மொத்தத்தில் அவை ஒன்றுக்கொன்று முரண்படலாம். ஆனால் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்கிற கனமழை இன்னும் கனக்கும் என்பதை மொத்தத்தைவிட அதிகம் நம்புகிறேன். ஆகவே குட்டையைப் பெரிதாக்குவதற்கு முன், வழிந்தோடும் கலிங்கை அகலமாக்கி, கரையைப் பலப்படுத்துங்கள்.

அறிக்கையின் பின்பக்கம் மாதவாரி அட்டவணை இருந்தால் எனக்கு அனுப்புங்கள். ஜூலை, ஆகஸ்ட் வரிசையை முதலில் பார்க்கிறேன்.