அவதார் புகைமூட்டமாகவே நின்றால்

திருமங்கலம் நண்பரே, செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் நுழைந்து அரைமணி நேரமாகியும் அங்கே உங்கள் உருவமான அவதார் வெறும் புகைமூட்டமாகவே நிற்கிறது, நடந்தால் படம் திக்கித் திக்கி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். கணக்கை அழித்துவிடாதீர்கள்.

அங்கே ஒரு பகுதி என்பது பக்கத்துக்கு 256 மீட்டர் உள்ள சதுர நிலம். நம் மீனாட்சியம்மன் கோயில் வெளிமதிலுக்குள் அடங்கும் இடம் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆடி வீதியில் நின்றபடி நான்கு கோபுரத்துச் சுதைச் சிற்பங்களையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியுமா? கணினியிடம் அதைத்தான் கேட்கிறீர்கள். கிராபிக்ஸ் அமைப்பில் டிரா டிஸ்டன்ஸை, அதாவது எவ்வளவு தூரம்வரை காட்சியை வரைய வேண்டும் என்ற அளவை, 64 மீட்டராகக் குறையுங்கள். அப்புறம், கூட்டமில்லாத இடமாகப் பார்த்து கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்; அவதாரின் தோற்றம் மறுபடி உருவாகும். என் பழைய மடிக்கணினியில் முதலில் முகம் தெளிந்தது, சற்றுப் பொறுத்துச் சட்டை வந்தது. சரியாகாவிட்டால் எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.