பங்களா பாடாது, தம்பி

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், சேலத்தில் தமிழ் ராக் இசைக்குழு வைத்திருக்கிறோம். ஒன்பது பாட்டுகளோடு முதல் ஆல்பம் கொண்டுவர வேண்டும். போன ஆடியில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களா எடுத்து இரண்டு வாரம் தங்கினோம். மூன்று பாட்டுகள், அதுவும் அரைகுறையாகத்தான் வந்தன. மைக் தரம் மட்டமானது என்கிறார் எங்கள் கிட்டாரிஸ்ட். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் ஒத்திகை ரூமுக்குக் கீழே கொலுசுப் பட்டறை, தட்டும் சத்தம் ஓயாது. இப்போது நாலரை லட்சம் சேர்த்துவிட்டோம். நல்ல மைக்குகள் வாங்கி, அதே பங்களாவை மூன்று மாதத்துக்கு எடுக்கப் போகிறோம். லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழுகூட ஒரு பழைய வீட்டில் தங்கித்தானே பதிவு செய்தார்கள்? சேலத்தில் உருப்படியான ஸ்டுடியோ இல்லாததால்தான் எங்களைப் போன்றவர்கள் மேலே வர முடியவில்லை என்று நீங்களாவது எழுதுவீர்களா? மூன்று பாட்டுகளையும் பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்-2

பதில்: எழுத மாட்டேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏற்காடு பஸ்ஸில் ஏறினால் மலைப்பாதை தொடங்கும் முன்பே ஒரு பழைய வளைவு வரும், பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ. 1930களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’ 1938இல் நம் ஊர்க்காரர் எடுத்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அங்கிருந்துதான் வந்தது. சுந்தரம் கறார்ப் பேர்வழி என்று பேர் வாங்கியவர். சேலத்தில் ஸ்டுடியோ இல்லை என்ற வசனத்தை அந்த வளைவுக்கு முன்னால் நின்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அது அந்தக் காலம், இப்போது வளைவு மட்டும்தானே மிச்சம் என்பீர்கள். சரி. ஆனால் உங்கள் ஆல்பம் நின்றதற்கும் ஸ்டுடியோவுக்கும் சம்பந்தமில்லை. பென் டிரைவை இரண்டு இரவு ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் பாட்டு நிமிடத்துக்கு 92 தட்டில் தொடங்குகிறது. முடியும்போது 104. ஐந்து பேரும் ஒன்றாக நின்று வாசித்து, சூடேறி வேகம் பிடித்திருந்தால் கை தட்டியிருப்பேன், ராக் என்றால் அப்படித்தான். ஆனால் நீங்கள் முதல் நாள் டிரம்ஸ், அடுத்த நாள் பேஸ், மூன்றாம் நாள் கிட்டார் என்று தனித்தனியாகப் பதிந்திருக்கிறீர்கள். தாளம் காட்டும் கிளிக் சத்தமும் போடவில்லை, வழிகாட்ட ஒரு ஸ்க்ராட்ச் டிராக்கும், அதாவது தற்காலிகப் பதிவும் இல்லை. ஓடிப்போன டிரம்ஸை ஆளுக்கு ஒரு நாள் துரத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பல்லவி திரும்பும் இடத்தில் பேஸ் ஒரு கால் வைத்துவிட்டதென்றால் கிட்டார் இன்னும் வாசல்படியில் நிற்கிறது.

இரண்டாவது பாட்டில் அடியில் ஓர் ‘ம்ம்ம்’. அது கரண்டின் இரைச்சல், பங்களாவில் எர்த் சரியில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது கட்டையை அழுத்தினால் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். உங்கள் பாட்டோ அந்த ஜியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் உரசி, விநாடிக்கு ஒரு முறை சத்தம் பொங்கி அமுங்குகிறது, படகில் உட்கார்ந்து கேட்பதுபோல. இதில் மைக் எங்கே வந்தது? பேஸை ஒயர் போட்டு நேராகக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் செருகியிருப்பதாக நீங்களே ஃபைலுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். லட்ச ரூபாய்க்கு மைக் வாங்கினாலும் அந்த ‘ம்ம்ம்’ போகாது. ஓர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் போய்விடும்.

மூன்றாவது பாட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல பாட்டு. கிட்டாரும் பறையும் கேள்வியும் பதிலுமாகப் போகிற அந்த இடத்தை நான்கு முறை திரும்பக் கேட்டேன். முதல் சரணத்தில் பறை கணீரென்று விழுகிறது. மூன்றாவது சரணத்தில் அதே பறை நனைந்த அட்டைப்பெட்டி. ஆடி மாதத்து ஏற்காட்டு மூடுபனியில் தோல் தொய்யாமல் என்ன செய்யும்? பறை அடிப்பவரைக் கேட்டால் சொல்லியிருப்பார்: தீயில் காய்ச்ச வேண்டும், அங்கே ஒவ்வொரு டேக்குக்கும், அதாவது ஒவ்வொரு முறை பதிவதற்கும் முன்னால் காய்ச்ச வேண்டும். அவரைக் கேட்காமல் கம்ப்யூட்டரில் சுருதியை ஏற்றிப் பார்த்திருக்கிறீர்கள் போல, ஓர் இடத்தில் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது. அதே பாட்டில் இரண்டாம் நிமிடம் தகரக் கூரையில் மழை பிடிக்கிறது. பாடுகிறவர் ஒரு கணம் தயங்கி, மழைக்கு மேல் குரலை எடுக்கிறார். தயவுசெய்து அதைத் துடைக்க முயலாதீர்கள். ஒரே மைக்கில் விழுந்த மழை துடைத்தாலும் போகாது, குரலையும் கடித்துவிடும்.

இனி லெட் செப்பலின். உண்மைதான். நான்காவது ஆல்பத்துக்கு இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டுக்குப் போனார்கள், 1971இல் வெளியிட்டார்கள். டிரம்ஸைக் கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே வைத்து, மேலே இருந்து இரண்டே இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்த அந்த ஓசையை இன்றும் ஆள் ஆளுக்கு நகலெடுக்கிறார்கள். நீங்கள் மாடிப்படியைப் பார்த்தீர்கள். நான் கீழே உட்கார்ந்திருந்த டிரம்மர் ஜான் பான்ஹாமைப் பார்க்கிறேன். அந்த ஆல்பத்துக்கு முன் அவர்கள் மூன்று ஆல்பம் முடித்திருந்தார்கள், மேடை மேடையாக வாசித்துத் தள்ளியிருந்தார்கள்.

பீட்டில்ஸ் முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். அதில் 10 பாட்டுகளை 1963 பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில், சுமார் பத்து மணி நேரத்தில் பதிந்து முடித்தார்கள். மெஷினில் இருந்தது இரண்டே டிராக், அதாவது தனித்தனியாகப் பதிய இரண்டே தடம். ஜான் லெனனுக்கு அன்றைக்கு ஜலதோஷம் வேறு. தொண்டையைக் கிழிக்கிற பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்து, முதல் டேக்கிலேயே எடுத்தார்கள். இரண்டாவது டேக்குக்குக் குரல் இல்லை. எப்படி முடிந்தது? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக மணிக்கணக்கில் வாசித்திருந்தார்கள். ஸ்டுடியோவில் போய்த் தேட வேண்டியது எதுவும் மிச்சமில்லை. இதே ஆட்கள் 1966 நவம்பரில் தொடங்கி மாதக்கணக்கில் ஒரே ஆல்பத்தில் கிடந்ததும் உண்டு. அது அவர்களுக்கு எட்டாவது ஆல்பம். உங்களுக்கு முதலாவது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். இந்த ஒன்பது பாட்டுகளையும் ஆட்கள் முன்னால் எத்தனை முறை வாசித்திருக்கிறீர்கள்? ஒரு கல்லூரி விழாவைப் பற்றிக்கூட ஒரு வரி இல்லை. ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் முழுக்க மேடை போடுகிறார்கள். நம் ஊர் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் மூன்று நான்கு மணி நேரம் கிளிக் இல்லாமல், தங்கள் சத்தம் தங்களுக்குக் கேட்கச் சரியான மானிட்டர் ஸ்பீக்கர் இல்லாமல், நடுவில் மைக்செட்டு கோளாறானாலும் தாளம் விடாமல் வாசிக்கிறார்கள். சினிமாப் பாட்டு வாசிப்பவர்கள் என்று நீங்கள் அவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பீர்கள், தெரியும். அவர்களிடம் போய் இடைவேளையில் அரை மணி நேரம் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். உங்கள் மூன்றாவது பாட்டுக்கு எந்த வரியில் கூட்டம் எழுந்து போய் தட்டுவடை செட் வாங்கப் போகிறது என்று அங்கேதான் தெரியும். அந்த வரியை வெட்டுங்கள்.

கொலுசுப் பட்டறைக்காரரைப் பற்றிய புகாரையும் விட்டுவிடுங்கள். உங்கள் முதல் பாட்டுக்குப் பின்னால் அந்தத் தட்டல் மெலிதாகக் கேட்கிற ஒரு டெமோவும் டிரைவில் இருந்தது. உங்கள் டிரம்மரைவிட அவர் தாளம் சுத்தம்.

பணத்துக்கு வருவோம். மூன்று மாத பங்களா வேண்டவே வேண்டாம். ஜூன் தொடங்கி நவம்பர் வரை அங்கே மழையும் பனியும் மாறி மாறி வரும். மரம் விழுந்தால் கரண்ட் போகும், ஜெனரேட்டர் போட்டால் அதன் உறுமல். இரண்டு மாதம் செவ்வாய்ப்பேட்டை மாடியிலேயே ஐந்து பேரும் ஒன்றாக நின்று ஒன்பது பாட்டையும் வாசியுங்கள், மேடையில் வாசியுங்கள். ஒன்பதில் இரண்டு தானாக உதிர்ந்துவிடும், வருத்தப்படாதீர்கள். அப்புறம் நாள் வாடகைக்கு ஒரு நல்ல அறை பிடித்து, டிரம்ஸையும் பேஸையும் ஒரே மூச்சில் நாலைந்து நாளில் எடுத்துவிடலாம். மிச்சப் பணத்தை, பதிந்ததையெல்லாம் சேர்த்துச் சமப்படுத்தும் மிக்ஸிங்குக்கு வையுங்கள். சத்தத்தை ஏற்றச் சொல்லி அந்த இன்ஜினியரை மட்டும் நச்சரிக்காதீர்கள். நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் ஸ்பாட்டிஃபை தன் அளவுக்கு இறக்கித்தான் போடும். அடிபட்டு நசுங்கிய டிரம்ஸ் மட்டும் மிஞ்சும்.

மலைக்கே போகக் கூடாதா என்றால், போங்கள். அந்த மூன்றாவது பாட்டுக்கு மட்டும், இரண்டே நாள். பறை அடிப்பவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். கீழிருந்தே ஒரு கட்டு வைக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கிடைப்பதெல்லாம் ஈரச் சருகு, பற்ற வைப்பதற்குள் பாதி நாள் போய்விடும்.