ரோமானியக் குளியல் கூடத்தை அகழும்போது எங்கே தவறு நேர்கிறது?

கேள்வி: ரோமானியக் குளியல் கூடத்தை அகழ்வது மற்ற கட்டடங்களை அகழ்வதிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது? எந்த இடத்தில் அதிகக் கவனம் வேண்டும்?

பதில்: வெந்நீர் அறைகளுக்கு இரண்டு தரைகள் இருக்கும். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கீழே ஒரு தளம், அதன்மேல் செங்கல் அடுக்கிய குட்டைத் தூண்கள், தூண்களின் தலையில் பெரிய ஓடுகள், அதற்கும் மேலே கனமான சுண்ணாம்புக் காரை. மக்கள் நடந்தது மேல்தரையில். அடுப்பிலிருந்து வரும் சூடான புகை ஓடியது இடைவெளியில். இதற்குப் பெயர் ஹைப்போகாஸ்ட். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தரும் கணக்குப்படி தூணின் உயரம் 2 ரோமானிய அடி, அதாவது சுமார் 59 செ.மீ. தூணுக்கான செங்கல் சுமார் 20 செ.மீ. சதுரம், மேலே மூடும் ஓடு 2 அடிச் சதுரம். கீழ்த்தளத்தில் ஒரு பந்தை உருட்டிவிட்டால் அது அடுப்பு வாய்க்கே திரும்பி வர வேண்டும், அப்படிச் சரிவு இருக்க வேண்டும் என்கிறார். களத்தில் கிடைப்பவை இந்த அளவுகளோடு அப்படியே பொருந்துவதில்லை. செங்கலுக்குப் பதில் கல்தூண்களும் உண்டு.

கூரை விழும்போதோ, பிற்காலத்தில் கல்லும் ஓடும் எடுக்கத் தோண்டும்போதோ மேல்தரை உடைந்துபோகும். பிறகு அகழ்பவர் கண்ணுக்கு முதலில் ஒழுங்காகத் தெரிவது கீழ்த்தளம்தான். அதையே குளித்தவர்கள் நின்ற தரை என்று பதிவு செய்துவிட்டால் கட்டடத்தின் உயரக் கணக்கு முழுவதும் பிசகிவிடும். கீழ்த்தளத்தைக் கண்டுகொள்ள வழிகள் உண்டு: மேலே புகைக்கரி படிந்திருக்கும், தூண்கள் நின்ற இடங்களில் சம இடைவெளியில் சதுரத் தடங்கள் இருக்கும், கால்பட்ட தேய்மானம் இருக்காது. வாசற்படிக் கல் தப்பியிருந்தால் அது இந்தத் தளத்தைவிட அரை மீட்டருக்கும் மேல் உயரத்தில் நிற்கும்.

கீழ்த்தளத்தின் மேலுள்ள மண்ணை ஒரே அடுக்காக வாரக் கூடாது. விழுந்த ஓடுகளுக்கு அடியில் படிந்த கரி, அடுப்பு எரிந்த காலத்தது. ஓடுகளுக்கு மேலே கிடப்பது கட்டடம் கைவிடப்பட்ட பிறகு வந்தது. இரண்டையும் ஒரே பையில் போட்டால், மேலே கிடைத்த நாணயம் குளியல் நடந்த காலத்தின் சான்றாகத் தவறாக ஏறிவிடும்.

குளிர்நீர்த் தொட்டிகளில் சிக்கல் குறைவு. அவற்றின் பூச்சு, உடைத்த ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்புக் காரை; நம் ஊர்க் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, கிட்டத்தட்ட அதே பொருள். தரையும் சுவரும் சேரும் மூலையில் நீர் கசியாமலிருக்க அதையே உருட்டிப் பூசியிருப்பார்கள். சுவர் முழுக்கப் போயிருந்தாலும் அந்த உருட்டுப் பூச்சு கிடைத்தால் அங்கே தொட்டி இருந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். ஈயக் குழாய் கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம். உருக்கி விற்க எப்போதோ பிடுங்கியிருப்பார்கள். குழாய் பதிந்த பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கணிப்பில், நேரமும் ஆளும் குறைவாக இருந்தால் அவற்றைச் செலவிட வேண்டிய இடம் வடிகால். வேல்ஸில் உள்ள கேர்லியன், ரோமானியரின் இரண்டாம் அகஸ்டா படையணியின் கோட்டை இருந்த இடம். அங்கே குளியல் கூட வடிகாலின் வண்டலிலிருந்து 88 செதுக்கு மணிக்கற்கள் கிடைத்தன. மோதிரத்தில் கல்லை ஒட்டியிருந்த பசை வெந்நீரிலும் ஆவியிலும் இளக, கல் கழன்று நீரோடு போயிருக்கிறது. அதே வடிகாலில் குழந்தைகளின் பால்பற்களும் இருந்தன. படைவீரர் கோட்டை என்றாலும் குளிக்க வந்தவர்கள் வீரர்கள் மட்டுமல்ல. தட்டையாகப் பரவிக் கிடக்கும் தரை இதையெல்லாம் சொல்லாது, கூட்டிப் பெருக்கிவிட்டிருப்பார்கள். ஆகவே வடிகால் வண்டலில் மாதிரி மட்டும் எடுப்பது போதாது, முழுவதையும் நீர்விட்டுச் சலிக்க வேண்டும். 1 மி.மீ. கண் உள்ள சல்லடை தேவை; அதைவிடப் பெரிய கண் என்றால் மணிகளும் மீன்முள்ளும் நழுவிவிடும். வண்டலை நீளவாட்டில் பகுதி பகுதியாகப் பிரித்து, அடியிலிருக்கும் அடுக்கையும் மேலடுக்கையும் தனித்தனியே எண்ணிட்டு எடுங்கள். அடியடுக்கு ஆரம்பகாலத்ததாக இருக்கலாம். ஆனால் வடிகாலை இடையில் தூர்வாரியிருந்தால் அந்தக் காலம் காணாமல் போயிருக்கும்.

அடுப்பு வாயில் கரித்துண்டுகளைக் கார்பன் காலக்கணிப்புக்கு எடுக்கும்போது சுள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய மரத்தின் நடுத்தண்டு பல பத்தாண்டுகள் பழைய தேதியைக் காட்டும். சுட்டுச் சிவந்த களிமண்ணிலிருந்து காந்தத் திசைக் கணிப்புக்கு (சுட்டபோது களிமண்ணில் பதிந்த பூமியின் காந்தத் திசையை வைத்துக் காலம் அறிவதற்கு) மாதிரி எடுப்பதானால், அது இருந்த இடத்திலேயே வடதிசையையும் மட்டத்தையும் குறித்த பிறகே பெயர்க்க வேண்டும். தளம் ஏற்கெனவே சரிந்திருந்தால் அந்த மாதிரி பயன்படாது.

ஓடுகள் டன் கணக்கில் வரும். வகை பிரித்து, எண்ணி, எடை போட்டு, முத்திரையோ விலங்கின் காலடியோ பதிந்தவற்றையும் முழு ஓடுகளையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். சுவருக்குள் பொருத்திய குழாய் ஓடுகளை அதற்கு முன் உட்பக்கம் பாருங்கள்: கரி படிந்திருந்தால் சூடான காற்று அந்தச் சுவர் வழியாகவும் ஏறியது உறுதி.

வேலை முடிந்ததும் தளத்தைக் குளிர்காலத்தில் திறந்துவிட்டுப் போகாதீர்கள். காரைக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்தால் மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்துவிடும். நீர் ஊடுருவும் துணி விரித்து, சுத்தமான மணல் போட்டு, மேலே மண்ணால் மூடுங்கள்.