கனடாவின் கிழக்குக் கடலோரத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் மக்கள் தங்களைக் கனடியர் என்பதைவிட முதலில் நியூஃபவுண்ட்லாந்துக்காரர் என்று சொல்லிக்கொள்வது ஏன்?

ஏனென்றால் அவர்கள் கனடாவில் சேர்ந்ததே 1949 மார்ச் 31 அன்றுதான். அதற்கு முன் அது தனி டொமினியன், அதாவது பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற நாடு. ரயில்பாதைக் கடன், முதல் உலகப் போர்க் கடன், அப்புறம் 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் எல்லாம் சேர்ந்து நசுக்கியதில், 1934இல் தன்னாட்சியையே விட்டுக்கொடுத்தது. 1948இல் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டாவதில் கனடாவுடன் இணைய ஏறக்குறைய 52 சதவீதம் பேர்தான் ஆதரவு தந்தார்கள். மீதிப் பேரின் மனக்குறை அத்தனை சீக்கிரம் ஆறுமா?

போரின் காயம் இன்னும் ஆழமானது. 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் பூமோன் ஹாமெலில் சுமார் 800 நியூஃபவுண்ட்லாந்து வீரர்கள் முன்னேறினார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். நாடு முழுக்கக் கனடா தினம் கொண்டாடும் அதே ஜூலை 1, இங்கே காலையில் நினைவு நாள்.

குடியேறியவர்களில் பெரும்பாலோர் தென்மேற்கு இங்கிலாந்திலிருந்தும் தென்கிழக்கு அயர்லாந்திலிருந்தும் காட் மீனைத் தேடி வந்தவர்கள். அவர்களின் பேச்சில் அந்தச் சாயல் இன்றும் உண்டு. ஆனால் இந்தத் தீவின் பூர்வகுடிகளான பியோத்துக்குகள் கடற்கரையை இழந்து, பசியாலும் காசநோயாலும் அழிந்தார்கள். அவர்களில் கடைசியாக அறியப்பட்ட ஷனாடித்தித் 1829இல் இறந்தார். இதைச் சொல்லாமல் இந்தத் தீவின் கதையைச் சொல்லவே கூடாது.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழரை முதலில் கண்டு காப்பாற்றியவர்கள் கஸ் டால்டன் என்ற மீனவரும் அவருடைய கூட்டாளிகளும்தான். ஆறே ஆண்டுகளில், 1992இல், காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்து, சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள்.