பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால்

சிகாகோவில் உங்கள் மழலையர் பள்ளியில் கறுப்பின, லத்தீனோ பெற்றோர்கள் குழந்தை வளர்ப்புக் கூட்டத்துக்கு வருவதே இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் ஊரிலேயே உருவான 'சிகாகோ பேரன்ட் புரோகிராம்' என்ற பெற்றோர் பயிற்சித் திட்டம் பற்றி விசாரியுங்கள். செவிலியர் துறை ஆய்வாளர் டெபோரா கிராஸும் அவர் குழுவினரும் அந்தச் சமூகப் பெற்றோர்களிடமே யோசனை கேட்டு உருவாக்கியது. மொத்தம் 12 அமர்வுகள். அங்கே யாரும் உபதேசம் செய்வதில்லை. பிள்ளை அடம்பிடிக்கிற மாதிரி ஒரு சின்ன வீடியோ ஓடும். நிறுத்திவிட்டு, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். பேச்சு சூடுபிடிப்பது அங்கேதான்.

அப்புறம், வேலை முடிந்து நேரே வருகிற அம்மாவுக்குச் சாப்பாடும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் கட்டாயம் வேண்டும். ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிஷிலேயே நடத்துங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். முதல் வாரம் நாலு பேர் வந்தாலும் சரி, தொடங்கிவிடுங்கள்.